பெட்டி விரதம்

கதிர்நாட்டில் காலை இப்படித்தான் தொடங்கும். எழுவார்கள். பல் தேய்ப்பார்கள். கூடத்துச் சுவரில் இருக்கும் பேட்டரிப் பெட்டியின் எண்ணைப் பார்ப்பார்கள். பால் வாங்கக் கதவைத் திறந்ததும் எதிர்வீட்டுக்காரர் "எவ்வளவு?" என்பார். எழுபது என்றோ எண்பது என்றோ பதில் சொல்வார்கள். அந்த நாட்டில் வணக்கம் என்பது அதுதான்.

எல்லாக் கூரையிலும் சோலார் தகடு உண்டு. பகலில் பெட்டி நிரம்பும், இரவில் குறையும். வந்ததையும் போனதையும் கூட்டிக் கழித்து, மிச்சம் எவ்வளவு என்று பெட்டியே சொல்லும். அந்தக் கணக்கில் தினமும் சிறு பிசகு விழும். பிசகு சேரச் சேர, எண் மேலே நிற்கும். உள்ளே இருப்பது கீழே போயிருக்கும். அதனால் மாதத்துக்கு ஒருமுறை பெட்டியை முழுக்கக் காலியாக்கி, மறுபடி முழுக்க நிரப்புவார்கள். எண் சரியாகிவிடும். இதற்குப் பெட்டி விரதம் என்று பெயர். அன்று மாலை வீடு இருண்டிருக்கும். மற்றபடி சிரமம் இல்லை.

கோதைக்கு மட்டும் சிரமம் உண்டு. அவள் நுரையீரல் பலவீனமானது. மூச்சு மெஷின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். விரத நாளில் அவள் கணவன் முகுந்தன் மெஷினைத் தூக்கிக்கொண்டுபோய் அவளை அடுத்த தெருவில் அக்கா வீட்டில் விடுவான்.

"பெட்டிக்கு விரதம், எனக்கு மீன் குழம்பு" என்பாள் கோதை.

பிறகு தேர்தல் சீர்திருத்தம் வந்தது. குடிகளின் மனநிறைவை அவர்கள் வீட்டுப் பெட்டியே காட்டுவதால், இனி பெட்டியின் எண்ணே வாக்கு என்று சட்டம் இயற்றப்பட்டது. எல்லா வீட்டு எண்களின் சராசரியே மன்னருக்கான ஆதரவு. அடுத்த மாதம் விரதம் தடை செய்யப்பட்டது.

"பூஜ்யம் என்பது எண் அல்ல. அது ஒரு கருத்து. அதுவும் எதிர்க்கருத்து" என்று அளவை அமைச்சர் சுடர்மாமணி அவையில் விளக்கினார். அவை மேசையைத் தட்டியது.

மழைக்காலம் வந்தது. எண்பது காட்டிய வீடுகள் இருண்டன. எண் பலகையும் கூடவே அணைந்தது. மக்கள் புகார் கொடுத்தார்கள். அமைச்சகம் விரைந்து செயல்பட்டது. எண் பலகைக்கு மட்டும் தனியாக ஒரு குட்டி பேட்டரி வழங்கப்பட்டது. இனி வீடு அணைந்தாலும் எண் அணையாது. 'கரண்ட் போச்சு' என்ற சொல்லுக்குத் தடை வந்தது. 'ஒளி ஓய்வில் உள்ளது' என்றே சொல்ல வேண்டும்.

"என்ன தம்பி, உங்க வீட்ல ஓய்வா?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார்.

"ஓய்வுதாண்ணே. எண்பது பர்சன்ட் ஓய்வு" என்றான் முகுந்தன்.

நல்லவேளையாக அன்று வெயில் உடனே திரும்பியது. மெஷின் சிறிது நேரம்தான் நின்றிருந்தது. அதன் பிறகு முகுந்தனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பாட்டின் நடுவில் எழுந்துபோய் எண்ணைப் பார்த்தான். பெட்டியைத் தட்டினான். விளக்கு மங்குகிறதா என்று அண்ணாந்து பார்த்தான். மறுபடி எண்ணைப் பார்த்தான்.

"அப்படி மொறச்சுப் பாத்தா, பயந்துபோய் உண்மையச் சொல்லிடுமா?" என்றாள் கோதை. "சோறு ஆறுது, வாங்க."

அக்கா வீட்டுப் பெட்டியையும் இப்போது நம்ப முடியாது. திருட்டுத்தனமாக விரதம் வைக்கவும் முடியாது. எண் இறங்கினால் பெட்டி தானே அமைச்சகத்துக்குச் சொல்லிவிடும். முகுந்தன் எண் ஆய்வாளர் வளவனாரிடம் போனான்.

"ஒரே ஒரு நாள் அனுமதி கொடுங்க ஐயா. வீட்ல மூச்சு மெஷின் ஓடுது."

"உங்கள் எண் என்ன?"

"எண்பத்தாறு."

"எண்பத்தாறை வைத்துக்கொண்டு பூஜ்யம் கேட்கிறீர்களே. எழுபதில் இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள்?"

"அந்த எண்பத்தாறு பொய்ங்க ஐயா."

ஆய்வாளர் பேனாவை மூடினார். "தம்பி, அது உங்கள் வாக்கு. மன்னருக்கு விழுந்த வாக்கைப் பொய் என்று சொன்னால், அதற்கு வேறு சட்டம் இருக்கிறது. மனைவியைப் போய்ப் பாருங்கள்."

தேர்தல் நாளில் வானம் மூடியிருந்தது. குடும்பத் தலைவர்கள் மைதானத்துக்கு நேரில் வந்து தங்கள் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். வராத வீடு பூஜ்யமாகக் கருதப்படும். பூஜ்யத்துக்குச் சிறை. சிறைக்குப் போனால் மெஷினைத் தூக்க ஆள் இல்லை. முகுந்தன் பெட்டியைப் பார்த்தான், மெஷினைப் பார்த்தான், குடையை எடுத்தான், திரும்ப வைத்தான், மறுபடி எடுத்தான்.

மைதானத்தில் வரிசை நகரவில்லை. வாக்குப்பதிவுக்கு முன் அமைச்சர் ஒளியைப் பற்றிப் பேசினார். தூறல் பிடித்தது. முகுந்தன் வரிசையை விட்டு விலகினான். காவலர் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினார்.

"ஏன்யா துள்ளுறே? எல்லாருக்கும் வீடு இருக்குல்ல."

அவன் முறை வந்தபோது எண்ணைச் சொன்னான். கைதட்டினார்கள். ஓடினான்.

தெரு முழுக்க ஓய்வில் இருந்தது. வீட்டுக்குள் சத்தம் இல்லை. மெஷின் நின்றிருந்தது. சுவரில் மட்டும் பச்சை வெளிச்சத்தில் தொண்ணூற்றொன்று ஒளிர்ந்தது. அந்த வெளிச்சத்தில்தான் கோதையின் முகத்தைப் பார்த்தான்.

துக்கம் விசாரிக்க ஆய்வாளர் வளவனார் வந்தார். பெட்டியை ஆராய்ந்தார். தொண்ணூற்றொன்று இருக்கும் வீட்டில் மின்சாரம் இல்லாமல் யாரும் இறக்க முடியாது என்று முடிவு செய்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மையார் கடைசியாக என்ன சொன்னார்?" என்று கேட்டார்.

முகுந்தன் சொல்லத் தொடங்கினான். முதல் வாக்கியம் முடிந்ததும் ஆய்வாளர் கையை உயர்த்தி, "இது போதும்" என்றார்.

இப்போது கதிர்நாட்டின் ஒவ்வொரு முச்சந்தியிலும் கோதையின் படம் இருக்கிறது. அடியில் 'தொண்ணூற்றொன்று காட்டுகிறது' என்று எழுதியிருக்கிறது. உண்மைக் குடிமகளின் இறுதிச் சொல் என்று பள்ளிப் பிள்ளைகள் படிக்கிறார்கள். அவள் நினைவாக, "எவ்வளவு?" என்ற கேள்விக்கு நாடு முழுவதும் இனி ஒரே பதில்தான் என்று ஆணை வந்துவிட்டது. பெட்டியைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

முகுந்தன் எழுகிறான். பல் தேய்க்கிறான். பால் வாங்கக் கதவைத் திறக்கிறான்.

"எவ்வளவு?" என்கிறார் எதிர்வீட்டுக்காரர், அவன் முகத்தைப் பார்க்காமல்.

"தொண்ணூற்றொன்று."

தேர்தலன்று அவன் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து அவள் முழுதாகச் சொன்னது இது:

"தொண்ணூத்தொண்ணு காட்டுது. அது கெடக்குது, நீங்க சீக்கிரம் வந்துடுங்க."