மூன்றாவது ஹெட்போன் ஏன் நோகவில்லை

ஒரு சாமான் எனக்குச் சரிவரவில்லை என்றால் பிழை சாமானில்தான் என்று அடித்துப் பேசும் ஆட்களில் நானும் ஒருத்தி. செருப்புக் கடித்தால் செருப்புக்குப் பேச்சு. சட்டை இறுக்கினால் தையல்காரிக்குப் பேச்சு. (சட்டை ஏன் இறுக்கியது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.) இந்தக் குணத்தைப் பாதியாவது என்னிடமிருந்து பிடுங்கியது ஒரு ஹெட்போன். சரியாகச் சொன்னால் மூன்று ஹெட்போன்கள்.

அண்ணன் கட்டாரில் இருக்கிறார். அவருக்கு வேலை விடியற்காலையில் தொடங்கிப் பின்னேரத்தோடு முடியும். நானும் கந்தோர் விட்டு நாவற்குடா வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி குடித்துவிட்டுக் கணினிக்கு முன்னால் உட்காருவேன். இருவரும் சேர்ந்து துவக்கால் சுடுகிற விளையாட்டு ஒன்று விளையாடுவோம். விளையாட்டு என்பது பேருக்குத்தான். சுட்டுக்கொண்டே அம்மாவின் சீனி வருத்தம், பக்கத்து வீட்டு மதில் சண்டை, அவருடைய அறையில் அன்று யார் சமையல் என்று எல்லாம் கதைத்து முடிப்போம். அந்த ஒன்றரை மணித்தியாலம் அண்ணன் எங்கள் வீட்டில் இருக்கிற மாதிரி.

முதலில் என்னிடம் இருந்தது காதுக்குள் செருகுகிற, வயர் இல்லாத சின்ன ஹெட்போன். அதில் சத்தம் ஆறுதலாக, பிந்தித்தான் வந்து சேரும். எதிரி சுட்ட சத்தம் கேட்பதற்குள் நான் செத்து விழுந்திருப்பேன். போதாததற்கு நடுவில் சார்ஜ் இறங்கிவிடும். வயர் உள்ளதாக ஒன்று எடு, காதுக்குச் சுகமாகப் பார்த்து எடு என்று அண்ணன் கட்டளை போட்டார்.

நான் சும்மா கடைக்குப் போகிற ஆளா? ஒரு கிழமை முழுக்க இணையத்தில் ஹெட்போன் பற்றிய வீடியோக்களைப் பார்த்தேன். பஞ்சின் தடிப்பு, தலைவளையத்தின் இறுக்கம், பாட்டுக்கு ஏற்றது, விளையாட்டுக்கு ஏற்றது என்று எல்லாம் படித்து, பாதி விளங்காமல் முழுதாக நம்பினேன். காத்தான்குடியில் எங்களுக்குப் பழக்கமான முஸ்லிம் அண்ணன் ஒருவரின் கடை இருக்கிறது, நானா என்றுதான் கூப்பிடுவோம். அங்கே போய் ஏழெட்டை இறக்கச் சொல்லி, ஒவ்வொன்றாகப் போட்டு, ஒரு மெல்லிய பாட்டையும் ஒரு வெடிச் சத்தத்தையும் மாறி மாறிக் கேட்டு, இறுதியில் கறுப்பில் ஒன்றைத் தெரிவு செய்தேன். நானாவுக்கு அன்று பின்னேரம் வேறு வியாபாரம் நடக்கவில்லை.

கடையில் ஐந்து நிமிடம் சுகமாக இருந்த அந்தச் சாமான், வீட்டில் அரை மணித்தியாலத்தில் காதை நெருப்பாக எரித்தது. அடுத்த நாளே கொண்டுபோய், இறுக்கம் கூடிப்போச்சு என்று தீர்ப்புச் சொன்னேன். நானா முகம் சுளிக்காமல் மாற்றித் தந்தார். இரண்டாவதில் பஞ்சு தலையணை மாதிரி இருந்தது. அதுவும் நொந்தது. இரண்டு நாள் பல்லைக் கடித்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் காது வீங்கியே விட்டது. கழற்றி, வயர் சுற்றி வந்த சின்னப் பொலித்தீன் பைக்குள் அதன் வயரைத் திணித்தேன். வீங்கிய காதுகளில் தோடு குத்திக்கொண்டிருந்ததால் இரண்டு பக்கத்துத் தோட்டையும் திருகிக் கழற்றி, ஒரு நிமிடத்துக்கு என்று அதே பைக்குள் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன்.

அந்தத் தோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிவப்புக் கல் வைத்தது. அண்ணன் கட்டார் போய் முதல் சம்பளத்தில் வாங்கி, ஊருக்கு வந்த கூட்டாளியிடம் கொடுத்தனுப்பியது. நான்கு வருடமாகக் குளிக்கும்போதுகூட நான் அதைக் கழற்றியதில்லை. காதோடு முளைத்தது மாதிரி மறந்தே போயிருந்தேன். மறந்ததுதான் வினை.

மறுநாள் காலை ஹெட்போனையும் அந்தப் பொலித்தீன் பையையும் பெட்டிக்குள் வைத்து ஒட்டிக் கடைக்குக் கொண்டுபோனேன். “தங்கச்சி, இது தலைக்கு அளவெடுத்துச் செய்யிற சாமான் இல்ல,” என்று மட்டும் நானா சொன்னார். சொல்லிவிட்டு மூன்றாவதைத் தந்தார்.

மூன்றாவது சொர்க்கம். இரண்டு மணித்தியாலம் போட்டாலும் போட்ட நினைவே இல்லை. நான் ஆகாயத்தில் நடந்தேன். நல்ல ஹெட்போன் தெரிவு செய்வது எப்படி என்று கந்தோரில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிரசங்கம் வைத்து, கூட வேலை செய்யும் இரண்டு பெண்களை அதே ஹெட்போனை வாங்க வைத்தேன். (அவர்கள் இருவரும் இன்றுவரை காதைத் தடவிக்கொண்டு என்னை முறைக்கிறார்கள்.) வெளியே போனால் தலைமயிர் காதை மூடியிருக்கும், வீட்டில் ஹெட்போன் மூடியிருக்கும். அதனால் நான்கு நாள் என் காதை யாரும் பார்க்கவில்லை.

புதன்கிழமை பின்னேரம். அண்ணனோடு விளையாட்டு சூடுபிடித்திருந்தது. எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அம்மா ஒரு பக்கத்துப் பஞ்சைத் தூக்கிக் காதுக்குள் சொல்லுவார். அன்றும் தூக்கினார். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

“புள்ள, தோடு எங்க?”

நான் காதைத் தொட்டேன். அந்த ஒரு தொடுதலில் எனக்கு இரண்டு விசயங்கள் விளங்கின. தோடு எங்கே போனது என்பது ஒன்று. மூன்றாவது ஹெட்போன் ஏன் நோகவில்லை என்பது மற்றது. தோட்டின் பின்னால் திருகுகிற சுரைதான் இவ்வளவு நாளும் கழுத்துப் பக்கம் குத்திக்கொண்டிருந்தது. ஒரு ஹெட்போனிலும் பிழை இல்லை.

ஹெட்போனைக் கட்டிலில் எறிந்துவிட்டு ஓவென்று புலம்பினேன். காரணம் தோடு மட்டுமல்ல. சனிக்கிழமை காலை அண்ணன் லீவில் வருகிறார். வந்ததும் முதலில் பார்ப்பது என் காதைத்தான். அண்ணனுக்கு மட்டும் சொல்லிப்போடாதீங்க அம்மா என்று காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். பாவம், அம்மா சம்மதித்தார்.

ஸ்கூட்டியை முறுக்கிக்கொண்டு காத்தான்குடிக்குப் பறந்தேன். நானா தலையில் கை வைத்தார். அந்த ஹெட்போனை, பெட்டி உடைத்தது என்று சொல்லி விலை குறைத்து, வாழைச்சேனை ஆள் ஒருவருக்கு விற்றுவிட்டாராம். வாங்கியவர் ஆழ்கடலுக்கு மீன் பிடிக்கப் போகிற போட்டில் வேலை செய்பவர். நானா அவருடைய வீட்டுக்கு அழைப்பெடுத்துக் கேட்டுவிட்டு, போனை மெதுவாகக் கீழே வைத்தார்.

“நேத்துப் போட்டுல ஏறிட்டாராம் தங்கச்சி. பாட்டுக் கேக்க ஹெட்போனையும் கொண்டு போயிட்டாராம். கரைக்கு வர ரெண்டு கிழம செல்லும்.”

என் தோடு கடலுக்குப் போய்விட்டது.

சனிக்கிழமை வந்தது. அண்ணனும் வந்தார். வாசல் படலையடியில் நான் ஹெட்போன் போட்டபடி நின்று வரவேற்றேன். வயரின் முனை சட்டைப் பைக்குள் இருந்தது. ஹெட்போனோடு தேத்தண்ணி ஊற்றினேன். ஹெட்போனோடு நண்டுக்கறி சாப்பிட்டேன். பொய் சொல்லிப் பழக்கமில்லாத அம்மா, இப்ப இவளுக்குக் கந்தோர் வேலையெல்லாம் இதிலதானாம் என்று, யாரும் கேட்காமலே இரண்டு முறை சொன்னார். அண்ணன் ஓம், ஓம் என்று நண்டுக்காலை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

கை கழுவ எழும்பும்போது வயர் பையிலிருந்து நழுவித் தொங்கியது. அண்ணன் அதன் முனையை எடுத்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார்.

“ஹலோ. தோடு கடலால வந்திட்டா?”

புதன்கிழமை கட்டிலில் எறிந்த ஹெட்போனில் மைக் திறந்தே இருந்திருக்கிறது. என் புலம்பலையும், அம்மாவோடு போட்ட சதியையும், திரும்பி வந்து கடற்கதை சொல்லி அழுததையும் அண்ணன் கட்டாரிலிருந்து ஒரு சொல் தவறாமல் கேட்டிருக்கிறார். கேட்டும் மூன்று நாளாக ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணன் ஹெட்போனைக் கழற்றி, வெறுங்காதைப் பிடித்து மெதுவாக முறுக்கினார்.

“நாலு வருசம் கழட்டாம இருந்தியே, விசரி. அது காணும் எனக்கு, வேற ஒண்டும் வேணாம்.”

இரண்டு கிழமை கழித்து அந்தப் போட்காரர் நானாவிடம் விசாரித்து, தோட்டோடு தானே வீடு தேடி வந்தார். கடலில் இரண்டாம் நாளே தோட்டைக் கண்டு, போட்டில் வைத்திருந்த சாமிப்படத்துச் சட்டத்துக்குப் பின்னால் பத்திரமாக முடிந்து வைத்திருக்கிறார். அம்மா அவருக்குச் சோறு போட்டு, பழம் வெட்டிக் கொடுத்து, போக விடாமல் பிடித்து வைத்திருந்தார். போகும்போது அவர் என்னைப் பார்த்து, நல்ல ஹெட்போன் தங்கச்சி, நாள் முழுக்கப் போட்டாலும் காது நோகாது என்றார். அண்ணன் மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அண்ணன் திரும்பிப் போய்விட்டார். இப்போதும் பின்னேரம் விளையாட உட்கார்ந்தால் கட்டாரிலிருந்து முதலில் வரும் கேள்வி, தோட்டைக் கழட்டி எங்க வெச்சாய் என்பதுதான். அம்மாட காதில என்பேன். விளையாடி முடியும்வரை அதுதான் பாதுகாப்பான இடம் என்று அம்மாவே தீர்மானித்துவிட்டார். நாங்கள் சுட்டுச் சாகிற நேரம் அவர் கண்ணாடிக்கு முன்னால் நின்று, முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துக்கொள்வார்.

முன்பெல்லாம் விளையாடினது காணும், எழும்பு என்று பேசிக்கொண்டிருந்தவர் அவர். இப்போது ஒரு நாள் நான் களைத்துப் படுத்தாலும் அறை வாசலில் வந்து நிற்கிறார்.

“என்ன புள்ள, இண்டைக்கு விளையாட இல்லையா?”