டிக்கியில் பாரம் கூடாது

டிக்கியில் தேவையில்லாத பாரம் இருந்தால் வண்டி பெட்ரோலை அதிகம் குடிக்கும், புகையையும் அதிகம் கக்கும். இதை என் மாமியாரை எதிரில் உட்கார வைத்துக்கொண்டும் சொல்வேன்.

கார் ஓட்டக் கற்ற புதிதில் எனக்கு மைலேஜ் பைத்தியம் பிடித்திருந்தது. (இன்னும் தெளியவில்லை என்பது என் கணவரின் கட்சி.) ஆக்சிலேட்டரை வெடுக்கென்று மிதிக்க மாட்டேன், வேகத்தைச் சீராக வைத்திருப்பேன், எங்கே நின்றாலும் என்ஜினை அணைத்துவிடுவேன். அந்த நேரம் பார்த்து என் கொழுந்தன் சரவணனுக்குக் கல்யாணம். எங்கள் வீடு பாகூரில், மண்டபம் பெண் வீட்டுப் பக்கம், மண்ணாடிப்பட்டில். சொந்தபந்தமெல்லாம் வேனில் முன்னால் போய்விட, மாப்பிள்ளையையும் மாமியாரையும் காரில் அழைத்துப்போகும் பொறுப்பு எனக்கு.

கிளம்பும் முன் டிக்கியைத் திறந்தேன். கடப்பாரை, பழைய மோட்டார் பைப், அரை மூட்டை தேங்காய், கனமாக ஒரு யூரியா சாக்கு. மாப்பிள்ளை போகும் காரில் யூரியா எதற்கு? எல்லாவற்றையும் கொட்டகையில் இறக்கிவிட்டு, ஈரத்துணி போட்டுத் துடைத்தும் வைத்தேன்.

வில்லியனூர் ரயில்வே கேட் மூடியிருந்தது. என்ஜினை அணைத்தேன். சும்மா உட்கார்ந்திருக்க முடியாத மாமியார், கூரைப்புடவையை ஒருமுறை பார்த்துவிடலாம், டிக்கியைத் திற என்றார். பெருமையாகத் திறந்து காட்டினேன். கண்ணாடி மாதிரி பளபளத்தது.

"சாக்கு எங்கமா?"

"எந்த சாக்கு, அத்தை?"

வழியில் திருடன் கண்ணில் படக்கூடாதென்று தாலி, கூரைப்புடவை, வெள்ளி விளக்கு எல்லாவற்றையும் ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டியை யூரியா சாக்குக்குள் போட்டுக் கட்டியவர் அவர்தான். என்னிடம் மட்டும் சொல்லவில்லை. (இதை எங்கள் வீட்டில் யாரும் ஒரு குற்றமாகவே எடுத்துக்கொள்வதில்லை.)

வண்டியைத் திருப்பினேன். சரவணன் சாவியைக் கேட்டான். கொடுக்கவில்லை. பதற்றத்தில் இருப்பவன் ஒவ்வொரு வேகத்தடையிலும் பிரேக்கை அழுத்துவான், மறுபடி மிதிப்பான், பெட்ரோல்தான் கரியாகும்.

"அண்ணி, கொஞ்சம் மிதிங்க அண்ணி. எனக்குத்தான் கல்யாணம்."

"இதுதான் சரியான வேகம்பா."

ஒரு டிராக்டர் எங்களை முந்திக்கொண்டு போனது. மாமியார் வாய்விட்டுச் சாமியைக் கூப்பிட ஆரம்பித்தார். பாகூர் போய்ச் சாக்கைத் தூக்கிக்கொண்டு, அதே சீரான வேகத்தில் மண்டபம் சேர்ந்தோம். பெண்ணின் அப்பா நடுரோட்டில் நின்றிருந்தார். மேளக்காரர்கள் தெரிந்ததையெல்லாம் வாசித்து முடித்து, மறுபடி முதலிலிருந்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். முகூர்த்தத்தின் வால் கையில் சிக்கியது, தாலி ஏறியது. ஏசி இல்லாத காரில் வந்த சரவணன், ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் பட்டுச்சட்டையோடு குளத்தில் குதித்து எழுந்தவன் போலவே இருக்கிறான்.

ஒரு தடவை போகவேண்டிய தூரத்துக்கு இவ்வளவு அலைந்ததில் மிச்சம் பிடித்ததெல்லாம் போச்சே என்று கணவர் பந்தியில் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார். வேறு யாராவது ஓட்டியிருந்தால் இன்னும் அதிகமாகப் போயிருக்கும் என்று நானும் அதே சத்தத்தில் சொன்னேன்.

இப்போதும் என் காரில் ஏறினால் மாமியார் எந்தப் பையையும் மடியிலேயே வைத்துக்கொள்வார். "இது பாரம்னா சொல்லிடுமா, நானும் எறங்கிக்கிறேன்" என்பார். பின்சீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். நானோ நாலு டயரிலும் காற்றுப் பார்த்த பிறகுதான் வண்டியை எடுப்பேன். அதுவரை அத்தனை பேரும் வெயிலில் உட்கார்ந்திருக்கட்டும்.