பின்னால் கிளம்பிய விமானம்

நடைமுறையைச் சரியாகக் கடைப்பிடிப்பவனுக்கு விபத்தே நேராது என்று, பணியில் இருந்த காலமெல்லாம் மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது, நேரும் என்று. என்ன, முறைப்படி நேரும்.

அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர்கள் எங்கள் வில்லியனூர்ப் பக்கம் மனை வாங்கிப் போடுவார்கள், அல்லது கோயில் கமிட்டியில் சேர்ந்து சண்டை போடுவார்கள். நான் விமானம் கட்டினேன். (ஒருவர் மட்டும் உட்காரும் விமானம். அலுமினியக் குழாய், துணி, மீதி எல்லாம் நம்பிக்கை.) விமான எஞ்சின் விலைக்கு நிலமே வாங்கலாம் என்பதால், வீட்டில் விமானம் கட்டுகிறவர்கள் பலர் பழைய கார் எஞ்சினை மாற்றிப் பொருத்துகிறார்கள் என்று படித்திருந்தேன். எனக்குத் தெரிந்த பழைய கார் ஒன்றுதான். அது என் மனைவி மங்கையுடையது.

தலைமையாசிரியையாக இருந்தபோது பாகூர் பள்ளிக்கு ஆண்டுக்கணக்கில் அவள் ஓட்டிப் போன சின்னக் கார் அது. அதில் என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்கார விட்டதே அபூர்வம். அதன் எஞ்சினைக் கேட்பதற்கு, மேலதிகாரிக்குக் குறிப்பு வைப்பதுபோல் நியாயங்களை வரிசையாக அடுக்கினேன். கீரை ஆய்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தவள் ஒரே நிபந்தனை போட்டாள்.

“ஒரே ஒரு தரம். எஞ்சின் தன் பலத்துல விமானத்த நகத்திக் காட்டணும். இல்லன்னா மறுநாளே திரும்ப என் கார்ல இருக்கணும். அப்புறம் எனக்கு விளக்கம் எல்லாம் வேணாம்.”

வேலையைத் தொடங்கினோம். தொடங்கினோம் என்றால் நானும், வில்லியனூரில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அந்தோணியும். தன்னம்பிக்கையில் எங்கள் இருவருக்கும் போட்டி வைத்தால் முடிவு சொல்ல முடியாது. கார் எஞ்சின் வேகமாகச் சுற்றினால்தான் பலம் தரும். அந்த வேகத்தில் ப்ரொப்பெல்லரைச் சுற்றவிட்டால் அது காற்றைத் தள்ளாது, அலறும். இடையில் வேகத்தைக் குறைக்க ஓர் ஏற்பாடு வேண்டும். முதலில் பெல்ட் போட்டோம். அதற்குத் தகுந்த ப்ரொப்பெல்லரை வெளியூரில் சொல்லி, மரத்தில் செதுக்கி வாங்கினோம். அது வந்து சேர்வதற்குள் பெல்ட் வழுக்க ஆரம்பித்தது. பெல்ட்டைக் கழற்றிவிட்டு இரண்டு பல்சக்கரம் போட்டுவிடலாம் என்றார் அந்தோணி. நான் பரிசீலித்து ஒப்புதல் அளித்தேன்.

சோதனை ஓட்டத்துக்கு இடம், உறுவையாற்றில் என் மைத்துனன் ஏழுமலையின் நெற்களம். இறக்கைகளை இன்னும் மாட்டவில்லை, அவை அவன் வீட்டு மாடியில் கிடந்தன. தரையில் கொஞ்சம் நகர்ந்தால் போதும் என்பதுதான் திட்டம். களத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது.

“மாமா, நாளைக்கு மூட்ட திருக்கனூருக்கு விக்கப் போவணும். ஒரு நெல்லு பறந்துது, அக்கா புருசன்னுகூட பாக்க மாட்டேன்” என்றான் ஏழுமலை.

ப்ரொப்பெல்லர் காற்றைப் பின்பக்கம்தான் தள்ளும் என்று அவனுக்கு விளக்கினேன். ஆகவே விமானத்தின் மூக்கை நெல்லைப் பார்க்க நிறுத்தச் செய்தேன். பார்க்க வந்தவர்களுக்கு நெல்லுக்கு அந்தப் பக்கம் நாற்காலி போடச் சொன்னேன். பின்பக்கம் யாரும் நிற்கக் கூடாது என்று கண்டிப்பாக அறிவித்தேன். சக்கரங்கள் முன்னே பாய்ந்துவிடாமல் அவற்றுக்கு முன்னால் மரக்கட்டைகள் வைத்தாயிற்று. வாலைப் பின்னால் ஓரமாக இருந்த தென்னை மரத்தில் கயிற்றால் கட்டியாயிற்று. எல்லாம் சரியாக இருந்தால் கட்டைகளை எடுத்துவிட்டுக் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டியது. தென்னைக்குக் கொஞ்சம் பின்னால் எருக்குழி. அதற்கும் பின்னால் கொட்டகை. அதில் மங்கையின் கார், பானெட் திறந்தபடி, எஞ்சின் இல்லாமல் நின்றது.

காதுக்குக் கவசம் மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். எஞ்சின் முதல் முயற்சியிலேயே கிளம்பியது. வேகத்தைக் கூட்டினேன்.

எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். மரியாதை என்று நினைத்தேன். பிறகு அவர்கள் மெல்ல என்னைவிட்டு விலகிப் போவதுபோல் தெரிந்தது. பயப்படுகிறார்கள், பாவம், என்று நினைத்தேன். அவர்களைச் சுற்றி மஞ்சளாக ஏதோ புழுதி பறந்தது. மங்கை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, இன்னொரு கையை ஆட்டி ஏதோ சொன்னாள். உற்சாகப்படுத்துகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். (முப்பத்தைந்து ஆண்டு தாம்பத்தியத்தில் அவள் என்னை அப்படி உற்சாகப்படுத்தியது கிடையாது. அப்போதாவது சந்தேகம் வந்திருக்க வேண்டும்.) இன்னும் கொஞ்சம் வேகம் கொடுத்தேன்.

தென்னை மரம் என் பக்கத்தில் வந்து, என்னைத் தாண்டி முன்னால் போனது. மரம் நகராது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சட்டென்று வாலுக்கடியில் தரை இல்லாமல் போனது. வால் எருக்குழிக்குள் இறங்க, மூக்கு ஜம்மென்று வானத்தைப் பார்த்து எழுந்தது. எதிரே இருந்து பார்த்தவர்களுக்கு நான் கிளம்பிவிட்டதாகவே தோன்றியதாம். இரண்டு பேர் கைகூடத் தட்டியிருக்கிறார்கள்.

எஞ்சினை நிறுத்தினேன்.

பெல்ட் இருக்கும்வரை எஞ்சின் சுற்றும் பக்கமே ப்ரொப்பெல்லரும் சுற்றும். அந்த இடத்தில் இரண்டு பல்சக்கரங்களை மாட்டினால் சுற்று எதிர்ப்பக்கமாகி, காற்று முன்னால் போகும், விமானம் பின்னால் போகும். பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரிந்த விஷயம். முதுகலைப் பட்டம் பெற்ற எனக்குத்தான், எருக்குழியில் மல்லாந்து கிடந்தபோது ஞாபகம் வந்தது. அந்தோணி, பல்சக்கரம் பிரமாதமாக வேலை செய்ததாகச் சொல்லிக்கொண்டே என்னைத் தூக்கிவிட்டார்.

ஏழுமலை தலையெல்லாம் நெல்லோடு வந்து நின்றான். கோபப்படுவதா சிரிப்பதா என்று அவனுக்கே தெரியவில்லை.

“இன்னா மாமா, பதரு சுத்தமா போயிடுச்சி. கூடவே நெல்லும் போயிடுச்சி.”

அந்த நிலையிலும் எனக்கு எஞ்சினை விட மனமில்லை. மங்கையிடம் நிபந்தனையை நினைவூட்டினேன். தன் பலத்தில் நகர வேண்டும் என்றுதானே சொன்னாய், எந்தப் பக்கம் என்று சொல்லவில்லையே, நகர்ந்ததா இல்லையா என்று கேட்டேன். சட்டைக் காலரிலிருந்து எரு வழிந்துகொண்டிருந்தது.

அவள் எருக்குழியைப் பார்த்தாள். அதற்குப் பின்னால் வாயைத் திறந்துகொண்டு நின்ற தன் காரைப் பார்த்தாள்.

“நகந்துதுதான். அது வீட்டுக்குப் போகப் பாத்திருக்கு. வழியில நீங்க உக்காந்துட்டீங்க.”

மறுநாள் எஞ்சின் காருக்குத் திரும்பியது. திருக்கனூர் போக வேண்டிய நெல்லை நாங்கள் எல்லோரும் வாய்க்கால் கரையிலும் வைக்கோல் போரிலும் பொறுக்கிக்கொண்டிருந்தோம். ப்ரொப்பெல்லர் இப்போது எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் தொங்குகிறது. அதன் மேல் மங்கை குடை மாட்டுகிறாள்.

சென்ற மாதம் சோரியாங்குப்பத்தில் ஒரு கல்யாணம். அதிசயமாக, மண்டபத்து வாசலிலிருந்து காரை எடுக்கும் பொறுப்பை மங்கை என்னிடம் கொடுத்தாள். ரிவர்ஸ் கியர் போட்டதுதான் தாமதம், ஏழுமலை பந்தலுக்கு நடுவில் நின்று, என் குரலிலேயே கண்டிப்பாக அறிவித்தான்.

“முன்னால யாரும் நிக்காதீங்கப்பா. மாமா பின்னால கிளம்புறாரு.”

உறவுக்காரர்கள் அத்தனை பேரும் ஒழுங்காக விலகினார்கள். மணப்பெண்ணின் தாயார் அட்சதைத் தட்டைக் கையால் மூடிக்கொண்டார்.