கையைக் கேட்ட ஊர்

கோத்தா திங்கி ஊரில் அந்த நாட்களில் ஒரு கை பத்தாது. இரண்டு கையும் வேண்டும். ஒன்று பிடிப்பதற்கு, இன்னொன்று நீட்டுவதற்கு.

பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் கங்கோங் கீரை வாங்க வந்த தமிழ்ப் பெண்கள், இடது கையில் கீரைக் கட்டைப் பிடித்துக்கொண்டு வலது கையைப் பக்கவாட்டில் நீட்டி நின்றார்கள். கூட வந்தவர் அந்தக் கையை மேலிருந்து அழுத்துவார். கை அசையாமல் நின்றால் கீரை வீட்டுக்குப் போகும். கை இறங்கிவிட்டால் கீரை கூடைக்குத் திரும்பும். காய்கறி விற்கும் மலாய்க்கார அம்மா இது ஏதோ புது உடற்பயிற்சி என்று நினைத்து, வியாபாரம் இல்லாத நேரத்தில் தானும் கையை நீட்டிப் பார்த்துக்கொண்டாள்.

டுரியான் கடையில் ஒருவர் பழத்தைக் கையில் ஏந்திக் கேட்டார். முள் குத்திற்று, கை இறங்கிற்று. "என் உடம்பு வேண்டாங்குது" என்று அருமையான பழத்தை விட்டுவிட்டு நடந்தார். ஷாமளா வீட்டில் மாப்பிள்ளைப் பையனின் போட்டோவைப் பெண்ணின் கையில் கொடுத்து அழுத்தினார்கள். கை தொப்பென்று விழுந்தது. பையன் தப்பித்தான். லாரி ஓட்டும் ஜீவன் கையைக் கேட்டே நான்கு நம்பர் எடுத்து லாட்டரி வாங்கினார். ஒன்றும் விழவில்லை. கைக்கு அன்றைக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு மறுபடியும் கேட்டார்.

இவ்வளவும் கோச் ஹேமநாதன் அருளியது.

காவி, உத்திராட்சம் என்று பழைய மாதிரி சாமியார் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் காலமெல்லாம் மலையேறிவிட்டது. இவர் வெள்ளை லினன் சட்டை, கன்னத்தை ஒட்டிய மைக், பல்வரிசையில் ஒரு விளம்பரம். போன வருடம் வரை வீடு வீடாகத் தண்ணீர் வடிகட்டி விற்றவர். திடீரென்று விழித்துக்கொண்டாராம். விழித்தவர் சும்மா இருக்கக் கூடாதா? ஊரையும் எழுப்பக் கிளம்பிவிட்டார். ஞாயிறுதோறும் வள்ளியப்பனின் கல்யாண மண்டபத்தில் கூட்டம். வாசலில் பேனர்: 'உன்னை அறி. விழிப்போடு தேர்ந்தெடு. நோய் தானே ஓடும்.'

முதல் இரண்டு வாக்கியங்களோடு நமக்கு எந்தச் சண்டையும் இல்லை. தன்னைக் கவனித்து, யோசித்து, நல்லதைத் தேர்ந்தெடுப்பவன் உடம்பும் மனமும் தேறத்தான் செய்யும். சண்டை எல்லாம் மூன்றாவது வாக்கியத்தோடுதான். அதற்குள் ஒரு செம்பு டப்பா ஒளிந்திருந்தது.

மேடைக்கு ஒருவரைக் கூப்பிடுவார். கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை ஒரு கையில் பிடிக்கச் சொல்லி, மறு கையை இரண்டு விரலால் அழுத்துவார். கை விழும். "பார்த்தீங்களா மை டியர் உறவுகளே, உடம்பு கதறுது" என்பார். அடுத்து தன் செம்பு டப்பாவைக் கொடுப்பார். உள்ளே 'தெளிவு மணி' என்ற வெள்ளைக் குருணைகள். இப்போது கை இரும்பாக நிற்கும். மண்டபம் கைதட்டும். கைதட்டியவர்கள் வெளியே போகும்போது ஆளுக்கொரு டப்பா வாங்கிப் போவார்கள்.

மலரின் புருஷன் கமலநாதனும் வாங்கி வந்தார்.

கமலநாதன் தொழிற்சாலை பஸ் டிரைவர். விடிவதற்கு முன்னால் கோத்தா திங்கியில் ஆட்களை ஏற்றிப் பாசிர் கூடாங்கில் இறக்குவார். இனிப்புநீர் என்னும் சர்க்கரை நோய் உள்ளவர். அவருடைய அண்ணனுக்கும் அதே நோய்தான். முதலில் கால் போயிற்று, பிறகு ஆளே போய்விட்டார். அண்ணனைக் குளிப்பாட்டிய அன்றிலிருந்து கமலநாதன் ஒரு வேளை மாத்திரையைத் தவறவிட்டதில்லை. அப்படிப்பட்ட மனிதர் மேடையில் கை விழுந்த அன்று வீட்டுக்கு வந்து, மாத்திரைகளைச் சமையலறைக் குப்பையில் போட்டார். செம்பு டப்பாவுக்குக் குங்குமப் பொட்டு வைத்துச் சாமி அறையில் முருகனுக்குப் பக்கத்தில் வைத்தார். நம் ஆட்களுக்கு ஒரு பொருள் புரியவில்லை என்றால் அதற்குப் பொட்டு வைத்துவிட வேண்டும். அதன் பிறகு யாரும் கேள்வி கேட்கக் கூடாது.

மலர் குப்பையிலிருந்து மாத்திரைகளை எடுத்துத் துடைத்து, அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தாள்.

வாரங்கள் போயின. கமலநாதன் ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து தண்ணீர் குடித்தார். பாதம் மரத்துப்போகிறது என்றார். ஒரு நாள் சிக்னலில் தாமதமாகப் பிரேக் போட்டதை, விளக்கு கொஞ்சம் மங்கலாக எரிந்தது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். மலருக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போகும் அத்தனை பேரையும் நினைத்துக்கொண்டாள். கோச்சிடம் கேட்டதற்கு, பழைய விஷம் வெளியேறுகிறது, கொண்டாடுங்கள் என்று பதில் வந்ததாம்.

"அண்ணனுக்கும் இப்படித்தாங்க ஆரம்பிச்சிச்சி" என்றாள் மலர்.

"அண்ணன் தன்னை உணரல மலரு. அதான் போயிட்டாரு."

அந்தப் பேச்சு அவளைச் சுட்டது. செத்துப்போன மனிதர் மேலேயே குற்றம். இதைச் சொல்லிக் கொடுத்தவனை அப்போதே போய் இரண்டு அறை விட வேண்டும் போலிருந்தது. அறைந்தால் என்ன ஆகும்? அவன் தியாகி ஆகிவிடுவான்.

முதலில் விழித்துக்கொண்டது எறும்புகள்தான். சாமி அறைச் சுவரில் வரிசை கட்டி, முருகனைக் கண்டுகொள்ளாமல் சுற்றிப் போய் நேராகச் செம்பு டப்பாவில் ஏறின. மலர் ஒரு மணியை நாக்கில் வைத்துப் பார்த்தாள். சர்க்கரை. இனிப்புநீர்க்காரனுக்கு இனிப்பையே மருந்தாக விற்றிருக்கிறான். அவள் அதைச் சொன்னபோது, சாதாரணச் சர்க்கரை வேறு, விழித்த சர்க்கரை வேறு என்று கமலநாதன் விளக்கம் சொன்னார்.

மிச்சக் குட்டை மகள் லோஷினி உடைத்தாள். பாலிடெக்னிக்கில் படிப்பவள். கண்ணாடி விரிசல் விட்ட போனை வைத்துக்கொண்டு புதுசு வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள். அம்மா மசியவில்லை என்றதும், கையைக் கேட்கலாம் என்றாள். புதுப் போன் படம் போட்ட விளம்பரத் தாளை மலர் கையில் கொடுத்து மறு கையை அழுத்தினாள். கை நின்றது.

"பாத்தியாம்மா, உன் உடம்பே வாங்கச் சொல்லுது."

மலர் விடுவாளா? அதே தாளை மகள் கையில் கொடுத்துத் தான் அழுத்தினாள். கை விழுந்தது. மறுபடியும் மகள் அழுத்தினாள், நின்றது. தாய் அழுத்தினாள், விழுந்தது. இரண்டு பேரும் மாற்றி மாற்றி அழுத்தி, கடைசியில் சமையலறைத் தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே மலருக்குப் பொறி தட்டியது. கையை நீட்டியவள் பதில் சொல்லவில்லை. அழுத்தியவள்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். நிற்க வேண்டும் என்றால் முழங்கைப் பக்கம் அழுத்தினால் போதும். விழ வேண்டும் என்றால் மணிக்கட்டில் ஒரு தட்டு.

அடுத்த ஞாயிறு கமலநாதன் மேடையேறிச் சாட்சி சொல்ல வேண்டிய நாள். மருந்தை விட்டு மறுபிறவி எடுத்தவர் என்று பேனரில் அவர் படம் வேறு. அவரைப் பார்த்து இன்னும் எத்தனை வீட்டில் மாத்திரை குப்பைக்குப் போகுமோ என்று மலருக்கு ஒரே பதைப்பு. சனிக்கிழமை சாயங்காலம் அவர் கோயிலுக்குப் போயிருந்த நேரம், அவள் செம்பு டப்பாவைக் காலி செய்து கிளினிக் மாத்திரைகளை உள்ளே வைத்தாள். குங்குமப் பொட்டு கலையவே இல்லை. மாத்திரை வந்த வெள்ளைக் காகித உறைக்குள் தெளிவு மணிகளைக் கொட்டி, சத்தம் வராமல் பஞ்சு வைத்து ஒட்டினாள்.

மண்டபத்தில் நிற்க இடமில்லை. முன்வரிசையில் மண்டபமும் மளிகைக் கடையும் வைத்திருக்கும் வள்ளியப்பன், பட்டுத் துண்டோடு. கமலநாதன் மேடையேறினார். கூடவே கைப்பையோடு மலரும் ஏறினாள். புருஷன் சாட்சி சொல்லும்போது மனைவி பக்கத்தில் நின்றால் படத்துக்கு அழகு என்று கோச்சும் தடுக்கவில்லை.

"கோச், ஒன்னே ஒன்னு கேட்டுக்கிறேன்" என்றாள் மலர். "உடம்பு பொய் சொல்லாதுல்ல?"

கோச் உருகிப்போனார். "சொல்லவே சொல்லாதும்மா. உள்ள என்னா இருக்குன்னு மனசுக்குத் தெரியாட்டியும் உடம்புக்குத் தெரியும்."

மலர் கிளினிக் உறையைப் புருஷன் கையில் கொடுத்தாள். கோச்சின் இரண்டு விரல் மணிக்கட்டுக்குப் போனது. கை விழுந்தது. விஷம், சுத்த விஷம் என்றார் கோச். செம்பு டப்பாவைக் கொடுத்தாள். விரல் முழங்கைக்கு நகர்ந்தது. கை நின்றது. அமுதம், இதைத்தான் உங்கள் ஒவ்வொரு அணுவும் கேட்கிறது என்றார். மண்டபம் அதிரக் கைதட்டல்.

கைதட்டல் ஓயும் வரை மலர் பொறுமையாக நின்றாள். பிறகு டப்பாவைத் திறந்து முன்வரிசைக்குக் காட்டினாள். பளபளக்கும் தகட்டில் கிளினிக் மாத்திரைகள். உறையைக் கிழித்தாள். தெளிவு மணிகள் மேடை முழுக்க உருண்டன. பஞ்சிலிருந்து ஓர் எறும்பும் இறங்கி, நிதானமாகக் கோச்சின் வெள்ளைச் சட்டையில் ஏறிற்று.

"உங்க மணியத்தான் நீங்க விஷம்னு சொன்னீங்க கோச். கிளினிக் மாத்திரைய அமுதம்னு சொன்னீங்க. உடம்பு பொய் சொல்லாது. அப்ப யாரு சொன்னது?"

கோச்சின் பல்வரிசை முதன்முறையாக மறைந்தது. இந்த அம்மாவிடம் எதிர்மறை அதிர்வு இருக்கிறது, உறையில் கிளினிக் பெயர் இருந்ததால் மணிகள் பாதிக்கப்பட்டுவிட்டன என்று ஏதோ ஆரம்பித்தார். வள்ளியப்பன் எழுந்தார். சொந்தக் கடை அரிசியையே கை வேண்டாம் என்று சொன்னதால் ஒரு வாரம் ரொட்டி தின்றவர் அவர்.

"அப்படின்னா உறைய மாத்திட்டா சீக்கும் மாறிருமா தம்பி? கண்ணக் கட்டிக்கிட்டு அழுத்து. பாத்துருவோம்."

பட்டுத் துண்டே கோச்சின் கண்ணில் ஏறிற்று. லோஷினி மேடையேறி அப்பா கையில் பொருட்களை மாற்றி மாற்றி வைத்தாள். பாவம் அந்த விரல்கள். எங்கே அழுத்துவது என்று தெரியாமல் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் அலைந்தன. கமலநாதனின் கை நிற்கவும் இல்லை, விழவும் இல்லை, பாதி வழியில் ஆடிக்கொண்டிருந்தது. அதே டப்பா ஒரு முறை அமுதம் ஆனது, மறுமுறை விஷம் ஆனது. கடைசியாக லோஷினி எதையோ வைத்தாள். கோச் துணிந்து மணிக்கட்டைத் தட்டினார். "கொடிய விஷம். இதை இன்னைக்கே வீட்ட விட்டு வெளியேத்துங்க" என்றார்.

லோஷினி அதை எடுத்துத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். விரிசல் விட்ட அவளுடைய போன்.

"மா, கேட்டுக்கிட்டியா? கோச்சே சொல்லிட்டாரு லா."

மண்டபம் சிரித்த சிரிப்பில் கூரைத் தகரம் அதிர்ந்தது. கண்கட்டை அவிழ்த்த கோச்சுக்குத் தன்னுணர்வு உடனே வந்துவிட்டது. விழிப்போடு பின்வாசலைத் தேர்ந்தெடுத்தார்.

கமலநாதன் மட்டும் சிரிக்கவில்லை. நீட்டிய கையை மடக்க மறந்து நின்றார். மலர் அதைப் பிடித்து இறக்கினாள்.

"மாத்திரைய வேணாம்னு கை சொல்லல மலரு" என்றார் அவர் மெதுவாக. "அண்ணன் மாதிரி போயிருவேனோன்னு பயம். நோயே இல்லைன்னு எவனாவது சொன்னா நல்லா இருக்கும்னு நெனச்சேன். அவன் சொன்னான்."

அத்தனை ஞாயிற்றுக்கிழமையிலும் அந்த மண்டபத்தில் ஒருவர் தன்னை உணர்ந்தது அப்போதுதான். அவர் போனை எடுத்தார். கண் தெளியும் வரை பஸ்ஸைத் தொட மாட்டேன், வேறு ஆள் போடுங்கள் என்று சூப்பர்வைசரிடம் சொன்னார். விடிந்ததும் கிளினிக்குக்குப் போகலாம் என்று மலரிடம் சொன்னார். இதைக் கேட்க அவர் யாருக்கும் கையை நீட்டவில்லை. மலருக்குக் கண் நிறைந்துவிட்டது. சந்தோஷத்தில் லோஷினிக்குப் புதுப் போனுக்கும் சரி என்று சொல்லித் தொலைத்தாள்.

வாசலில் லாரிக்கார ஜீவன், யாரோ கிழித்துவிட்ட பேனருக்குக் கீழே யோசனையோடு நின்றுகொண்டிருந்தார். மலரைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தார்.

"தங்கச்சி, இந்தாளு டூப்பு, சரி. செகாமட் பக்கம் சாஆங்கிற ஊருல இன்னொரு கோச் வந்திருக்காராம். அவரு நெத்திய தொட்டுப் பாத்தே சொல்லிருவாராம். போலாமா வேணாமான்னு கையக் கேட்டுப் பாக்கட்டா?"

வலது கையை அதற்குள் நீட்டியும் விட்டார். மலர் அந்தக் கையை அழுத்தவில்லை.

"அண்ணே, இத்தன நாளா கையையே கேட்டுக்கிட்டு இருந்தீங்க. தலையும் அதே உடம்புலதான இருக்கு? அதையும் ஒரு தடவ கேட்டுப் பாருங்களேன்."