பசு புகுந்த யுடிலிட்டி

எங்கள் சாரம் பகுதியில் மழைத்தண்ணி நின்ற பள்ளத்தைத் தூர்த்து வீடு எழுப்பியவன் நான். பிற்பாடு உழவர்கரையில் களிமண் மனையில் மாடி வைத்து, இன்றைக்கு வரை ஒரு விரிசல் விடாமல் நிறுத்தியவன் நான். படிப்பு மூணாவதோடு சரி. மண் சுமந்து, கொத்தனாராகி, மேஸ்திரியாகி, என் பேரிலேயே காண்ட்ராக்ட் எடுத்தேன். இத்தனையும் சொல்லி முடித்தால் பேரப்பிள்ளைகள், "அது கெடக்கட்டும் தாத்தா, மாட்டுக் கதைய சொல்லு" என்கிறார்கள். சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. எழுதியே வைத்துவிடுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த கோவிந்தசாமி முசே (பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம்) சாரத்தில் கட்டிய வீடுதான் நான் சொந்தமாக எடுத்த முதல் வேலை. படிக்காதவனை நம்பாதீர்கள் என்று பிளான் போட்ட இன்ஜினியர் எச்சரித்தும் முசே எனக்கே கொடுத்தார். அவர் மச்சானும் உழவர்கரையில் கட்டுவதாக இருந்தார். கிரகப்பிரவேசத்தில் என் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் முடிவாம். அது கைவிட்டுப் போனால் நான் மறுபடி அடுத்தவனுக்குக் கீழே கொத்துக்கரண்டி பிடிக்க வேண்டியதுதான்.

பிளானில் சமையலறைக்குப் பின்னால் சின்னதாக ஒரு அறை. வெளிவாசல் கிடையாது, ஜன்னல் மட்டும். "யுடிலிட்டி" என்றார் இன்ஜினியர். உபயோகமான அறை என்று அர்த்தமாம். எதற்கு உபயோகம் என்று கேட்க எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. (இங்கேதான் சனி உட்கார்ந்தது.)

முசேவின் சம்சாரம் கேட்டபோது துணி துவைக்க என்றேன். தண்ணி போக வேண்டுமே, தரையை இரண்டு படி இறக்கினேன். முசே கேட்டபோது உங்கள் ஒயின் பாட்டிலுக்கு என்றேன். ஒரு பக்கம் சிமெண்ட் அலமாரி. அவர் அம்மா கேட்டபோது விறகுக்கு என்றேன். எதிர்ப்பக்கம் மேடை. மூணு பேருக்கும் பரம திருப்தி. நடுவில் ஒரு ஆள் நடக்க வழி மிஞ்சியது.

விசேஷத்தன்று சமையல்காரர் கீரைக்கட்டையும் பூசணியையும் எங்கே வைப்பது என்றார்.

"யுடிலிட்டி எதுக்குக் கட்டி வச்சிருக்கேன்?" என்றேன். மச்சான் காதில் விழட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே.

பசுவும் கன்றும் வாசலில் நுழைந்தன. பசு கூடத்தைத் தாண்டி, சமையலறையைத் தாண்டி, கீரை வாசம் பிடித்து இரண்டு படியும் இறங்கிப் போய் நின்றது. இந்தப் பக்கம் அலமாரி, அந்தப் பக்கம் மேடை. திரும்ப முடியாது. பின்னால் நடந்து படியேற அது சம்மதிக்கவில்லை. கூடத்தில் கன்று கத்துகிறது. பசு வெளியே வராமல் பால் காய்ச்சக்கூடாது என்கிறார் ஐயர். ராகுகாலம் நெருங்குகிறது. பால்காரர் வாலைப் பிடித்து இழுத்தார். அது சாணி போட்டுவிட்டுக் கீரையைத் தொடர்ந்தது.

"இன்னா மேஸ்திரி, இது எதுக்குக் கட்டுன ரூமு?" என்றார் மச்சான்.

எல்லாரும் சிரித்தார்கள். முசே மட்டும் சிரிக்கவில்லை. "நீ கட்டுன சொவரு. நீயே இடி" என்றார்.

புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோட்டத்துப் பக்கமிருந்து கடப்பாரை போட்டேன். சுவர் அசையவில்லை. (அப்படிப்பட்ட கலவை. இதை மட்டும் எவனும் சொல்வதில்லை.) ஊரே வேடிக்கை பார்க்க, மூச்சு வாங்கி வாங்கி இடித்தேன். பசு என்னைத் தாண்டி நிதானமாக நடந்து போனது. ராகுகாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் பால் பொங்கியது. உழவர்கரை வேலை இன்ஜினியர் சொன்ன ஆளுக்குப் போனது.

நான் மறுபடி கரண்டி பிடித்து, எழுந்து வர வருஷங்கள் ஆயின. என் சம்சாரம் இன்றைக்கும் நான் குளியலறைக்குள் போனால்கூட, "திரும்பிக்க எடம் இருக்கா பாத்துக்கோங்க" என்கிறாள். கரண்டு பில்லும் யுடிலிட்டிதானாம், போனுக்குள்ளேயும் ஒன்று இருக்கிறதாம், பேரன் சொல்கிறான். இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கு அலுத்துவிட்டது.

ஆனால் ஒன்று. இடித்த இடத்தை அடைக்க வேண்டாம், கிணற்றுக்குப் போக வசதியாக இருக்கிறது என்று முசேவின் சம்சாரம் அங்கே கதவு வைத்துக்கொண்டார். மச்சானும் தன் வீட்டில் அதே இடத்தில் கதவு கேட்டார். அப்புறம் அந்த இன்ஜினியர் போட்ட பிளான் எல்லாவற்றிலும் யுடிலிட்டிக்கு வெளிவாசல். அந்த வீடுகளின் வாசல் கல்லில் அவர் பேர் மட்டும் இருக்கிறது.

அந்தக் கதவு என்னுடையது. கல்லில் என் பேரும் வர வேண்டும். பசுவின் பேரையும் சேர்க்க வேண்டும் என்றால் சேர்த்துக்கொள்ளுங்கள், எனக்குக் கீழே.