மெதுவாகப் பேசக் கற்றுக்கொண்ட விவரம்

நெய்வேலி,
ஆவணி, ஞாயிறு மாலை.

அன்புள்ள மாப்பிள்ளை அசோக்குமாருக்கு, அத்தான் மாடசாமி எழுதுவது. இங்கு நானும் உன் அக்கா வளர்த்த முருங்கையும் நலம். அங்கு எல்லோரும், முக்கியமாக உன் அக்கா பேச்சியம்மாள், நலந்தானே?

ஆடி மாசம் அம்மன் கோயில் கொடைக்கென்று அங்கே வந்தவள், "காது வலிக்கு. மெதுவாப் பேசப் படிச்ச பொறவு கூப்பிடுங்க, வாறேன்" என்று உட்கார்ந்துவிட்டாள். மைன்ஸில் ராட்சச மிஷின் பக்கத்தில் நின்று காலமெல்லாம் கத்தியவனுக்கு வேறு எப்படிப் பேச வரும்? ஆகவே, மெதுவாகப் பேசியே தீர வேண்டிய இடம் எதுவென்று விசாரித்து, அகிலா டீச்சர் நடத்தும் பறவை பார்க்கும் குழுவில் சேர்ந்தேன். துணைக்குப் பக்கத்து வீட்டுச் சிங்காரவேல். என் ஷிப்ட்காரன், குரலில் எனக்கும் அண்ணன். வேனில் குள்ளஞ்சாவடி வழியாகக் கடலூர் போய்க் கழிமுகத்தில் இறங்கினோம். வடக்கேயிருந்து உள்ளான் குருவிகள் கூட்டமாக வந்திருந்தன. "சார், மூச்சுச் சத்தம்கூட கேக்கக் கூடாது" என்றார் டீச்சர். நாங்கள் வாயே திறக்கவில்லை. மிஷின் சத்தத்தில் பேச்சு எடுபடாதபோது மைன்ஸில் கையால்தானே பேசுவோம்? அதே பழக்கத்தில் சிங்காரவேல் "இங்கே நிறைய இருக்கு" என்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினான். "பார்த்துட்டேன்" என்று நானும் ஆட்டினேன். கரையில் ஒரு குருவி மிச்சமில்லை. "இன்னா டீச்சர், வாயத் தொறக்காமதான நின்னுகினு இருந்தோம்?" என்று அப்போதுதான் அவன் வாயைத் திறந்தான், மிச்சமிருந்த கொக்கும் கிளம்பியது.

கொஞ்ச நேரத்தில் அவை திரும்பி வந்தன மாப்பிள்ளை. அலை பின்வாங்கினால் கூடவே ஓடுவதும், அலை வந்தால் விழுந்தடித்துத் திரும்புவதுமாக இருந்தன. கல்யாணமான புதிதில் இதே கரைக்கு உன் அக்காவைக் கூட்டி வந்திருந்தேன். "அதுகளுக்குச் சீலை நனைஞ்சிருமாம்" என்று சொல்லி, தன் சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவளும் கூடவே ஓடினாள். அந்தச் சிரிப்பு மட்டும் என் மந்தக் காதில் இன்றும் தெளிவாகக் கேட்கிறது. அவளில்லாமல் இந்த குவார்ட்டர்ஸில் இருக்க முடியவில்லை. அடுத்த வருஷம் ரிட்டயர்மெண்ட், வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதற்குள் ஒருமுறை அவளோடு அந்தக் கரைக்குப் போக ஆசை. இப்போதெல்லாம் நான் பேசுவது எனக்கே கேட்பதில்லை, அவ்வளவு மெதுவான பேச்சு. நம்பி அனுப்பி வை.

பெரியவர்களுக்கு வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும் சொல்லவும்.

அன்புடன்,
மாடசாமி

பின்குறிப்பு: கடிதத்தை முணுமுணுத்துப் படித்துச் சரிபார்த்தேன். சீலை வரி வந்தபோது எதிர் பிளாக்கில் சிரித்தார்கள். முடித்ததும் சிங்காரவேல் தன் வீட்டிலிருந்தே சொல்கிறான்: "அண்ணே, அக்கா இல்லாம தெருவே வெறிச்சுனு இருக்குது. நாங்களுந்தான் கூப்டுகினு இருக்கோம்னு சேத்து எழுதுங்க." சேர்த்துவிட்டேன். வரும்போது காதுக்குப் பஞ்சு எடுத்து வரச் சொல்.