பரிமளா சீனாவில் காணாமல் போன விவரம்

பெய்ஜிங்,
ஐப்பசி 9.

மரியாதைக்குரிய மச்சான் முத்தமிழ்செல்வன் அவர்களுக்கு, எறையூர் அரியமுத்து வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. ஆண்டவன் புண்ணியத்தில் நானும் உங்கள் தங்கை பரிமளாவும் சௌக்கியம். அரியலூரில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் அவ்விதமே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பரிமளா சௌக்கியம் என்று முதலிலேயே எழுதிவிட்டதை நீங்கள் கவனிக்க வேண்டும். கீழே எதைப் படித்தாலும் அந்த வரியை மறந்துவிடக் கூடாது.

இங்கே வாட்ஸ்அப் வேலை செய்யவில்லை, அதனால்தான் கடிதம். எங்களோடு டூர் வந்த கலையரசன் வாத்தியார் பெருஞ்சுவரில் ஏறி முழங்கால் பிடித்துக்கொண்டு நாளைக்கே ஊர் திரும்புகிறார். அவர் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். அவர் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் இதைப் படித்து முடித்துவிட வேண்டும்.

மச்சான், சீனா சீனாதான். திருச்சியில் டூர் கம்பெனிக்காரன் காட்டிய படமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. சுவர் என்றால் அப்படி ஒரு சுவர், மலைமேல் ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, கண்ணுக்கெட்டிய தூரம் போய்க்கொண்டே இருக்கிறது. முப்பது வருஷம் சிமெண்ட் ஆலையில் உழைத்த உங்களுக்கு ஒரு துக்கச் செய்தி, இதில் ஒரு மூட்டை சிமெண்ட்கூடக் கிடையாதாம், சுண்ணாம்பில் அரிசிக் கஞ்சியைக் கலந்து கட்டியிருக்கிறார்கள் என்று சீன வழிகாட்டிப் பெண் சொன்னாள். எங்கள் மச்சான் கேட்டால் மனசு ஒடிந்துபோவார் என்று அவளிடம் சொல்லச் சொன்னேன், டூர் மேனேஜர் பாலாஜி மொழிபெயர்க்க மறுத்துவிட்டான். சாப்பாடோ அதைவிட. வட்ட மேஜை, நடுவில் சுழலும் கண்ணாடித் தட்டு, அதில் பதினைந்து பதார்த்தம். நம் பந்தியில் பரிமாறுகிறவர் நடப்பார், இங்கே சாப்பாடே நடக்கிறது. யாராவது வந்து பரிமாறுவார்கள் என்று நான் மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், மீன் மூன்று தடவை என்னைக் கடந்து போனது. நாலாவது சுற்றில் பிடித்துவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அரியலூர் ஸ்டேஷனில் ரயில் கிளம்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீங்கள் சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. "என் தங்கச்சிய எப்படிக் கூட்டிட்டுப் போறீங்களோ அப்படியே கொண்டாந்து விடணும் மாப்ள. இல்லேன்னா என் வூட்டு வாசப்படிய மிதிக்காதீங்க" என்றீர்கள். நேற்று மூன்று மணி நேரம், உங்கள் வீட்டு வாசல்படி எனக்கு இனி இல்லை என்றே முடிவு செய்துவிட்டேன்.

நேற்று பழைய ராஜாக்களின் அரண்மனையைப் பார்க்கப் போனோம். கூட்டம் என்றால் சாதாரணக் கூட்டமில்லை. யாரும் தொலைந்துவிடக் கூடாது என்று பாலாஜி எங்கள் எல்லோருக்கும் மஞ்சள் தொப்பி மாட்டி, மஞ்சள் கொடியைப் பின்தொடரச் சொல்லியிருந்தான். உங்களுக்கே தெரியும், நானும் பரிமளாவும் வெளியே கிளம்பினால் நான் முன்னே போவேன், அவள் பத்தடி பின்னே வருவாள், கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். திரும்பிப் பார்க்கும் வழக்கம் எனக்குக் கிடையாது, மெட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும், அது போதும். ஆனால் குளிருக்கு எல்லோரும் கான்வாஸ் ஷூ போட வேண்டும் என்று பாலாஜி உத்தரவு போட்டுவிட்டான், அதனால் சத்தம் இல்லை. இதில் என் தப்பு என்ன இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள். நான் கொடியைப் பார்த்துக்கொண்டே வாசலுக்கு வாசல் தாண்டிப் போனேன், ஒவ்வொரு முற்றத்திலும் பின்பக்கமாகவே பேசிக்கொண்டு போனேன், இந்தத் தூணைப் பார், இந்தக் கூரையைப் பார், ராஜாவுக்கு இத்தனை ரூம் எதற்கு என்றெல்லாம். பின்னாலிருந்து "ம்" என்று பதில் வந்துகொண்டே இருந்தது. ஒரு மணி நேரம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

தொண்டை வறண்டது. வழக்கம்போலக் கையைப் பின்னால் நீட்டித் தண்ணீர் கேட்டேன். கையில் ஒரு பிளாஸ்க் வந்தது. மடக்கென்று குடித்தால் கொதிக்கிற வெந்நீர், நாக்கு வெந்துபோய், "யாராச்சும் இப்படிக் கொடுப்பாங்களாடி" என்று திரும்பினேன். மஞ்சள் தொப்பி போட்ட ஒரு சீனத்து அம்மாள் சிரித்துக்கொண்டு நிற்கிறார். அவருக்குப் பின்னால் அதே தொப்பியில் பத்துப் பன்னிரண்டு சீனத்துப் பெரியவர்கள். கொடியும் அவர்களுடையது. உங்கள் தங்கை எங்கேயோ பராக்குப் பார்த்துக்கொண்டு நின்று காணாமல் போய்விட்டாள்.

எனக்குக் கை கால் ஓடவில்லை மச்சான். பாஸ்போர்ட் அவள் பையில், பாலாஜியின் நம்பர் அவள் பையில், என் ரத்த அழுத்த மாத்திரையும் அவள் பையில். அந்த மனுஷர்கள் தங்கம். என்னைச் சுற்றி நின்று முதுகைத் தட்டிக்கொடுத்தார்கள், ஆளுக்கொரு ஆரஞ்சுப் பழம் கொடுத்தார்கள், ஒருவர் எனக்காகப் பாட்டே பாடினார். அந்த அம்மாள் தன் போனில் சீனத்தில் பேச, போன் சுத்தமான தமிழில் கேட்கிறது: உங்கள் மனைவி என்ன நிற உடை அணிந்திருந்தார்?

மச்சான், முப்பத்து நாலு வருஷம் சர்க்கரை ஆலை எடைமேடையில் உட்கார்ந்தவன் நான். கரும்பு லாரி கேட்டில் நுழையும்போதே எத்தனை டன் என்று சொல்லிவிடுவேன். எனக்குச் சேலையின் நிறம் தெரியவில்லை. சேலை கட்டியிருந்தாள் என்றேன். போன் மறுபடி கேட்டது. சேலைதான் என்றேன். அந்த அம்மாள் போனைப் பையில் வைத்துக்கொண்டு என் கையைப் பிடித்து நடக்க ஆரம்பித்தார்.

போலீஸ் வரைக்கும் கூட்டிப்போய், அவர்கள் எங்கெங்கோ பேசி, கடைசியில் தெற்கு வாசலுக்கு அழைத்து வந்தார்கள். அங்கே நிழலில் பரிமளா இருந்தாள். என்னைக் கண்டதும் தேம்பித் தேம்பி அழுதுவிட்டாள். நான்தான் தைரியம் சொல்லித் தேற்றினேன். இனி பராக்குப் பார்ப்பதில்லை என்று எனக்கு வாக்கும் கொடுத்திருக்கிறாள். ஆக, கூட்டிப்போன மாதிரியே கொண்டுவந்து சேர்க்கிறேன், ஒரு குறையும் இல்லை. வாத்தியார் வேறு மாதிரி ஏதாவது சொன்னால் முழங்கால் வலியில் உளறுகிறார் என்று எடுத்துக்கொள்ளவும்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி. இதைப் படித்த பிறகும் உங்களுக்கு என்மேல் மிச்சமிருக்கும் அன்புக்கு முன்கூட்டியே நன்றி.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை,
அரியமுத்து

பி.கு.: அண்ணே, பரிமளா எழுதுறேன். கவர ஒட்டச் சொல்லி எங்கிட்ட குடுத்துட்டு டீ குடிக்கப் போயிருக்காரு. நான் காணாமலும் போகல, பராக்கும் பாக்கல. ரெண்டாவது வாசல்ல வேணும்னேதான் நின்னேன். எவ்வளவு தூரம் திரும்பிப் பாக்காமப் போறாருன்னு பாக்கணும்னு எனக்கு ரொம்ப வருஷமா ஆசை, நம்ம ஊருல நின்னா நாலு பேரு என்ன ஏதுன்னு கேப்பாங்க. கொடி மாறி அவரு போனது எனக்கும் தெரிஞ்சுது. பாலாஜி தம்பி கூப்பிட ஓடுச்சு, நான்தான் இரு, அவரா திரும்புவாருன்னு நிறுத்துனேன். அவரு திரும்பல. கூட்டத்துல ஆளு மறைஞ்சதும் எனக்குப் பக்குன்னு ஆயிருச்சு, அப்புறம் தம்பிதான் போலீஸ்ல சொல்லிச்சு. அழுதது நான் இல்ல. அத்தன பேரு முன்னால எங்கையப் புடிச்சுக்கிட்டு அழுதாரு, வாத்தியாரு சொல்றத நம்புங்க. சேல அரக்குக் கலரு, போன தீவாளிக்கு அவரே எடுத்துக் குடுத்தது.

இன்னிக்குக் காலையிலேர்ந்து நான் முன்னால போறேன், அவரு பின்னால வர்றாரு. பழனி, திருச்செந்தூர், காசி எல்லாம் இவரோட போயிருக்கேன், எனக்கு ஞாபகம் இருக்கறது இவரு முதுகு மட்டுந்தான். சைனாவுல எனக்கு எல்லாம் தெரியுது அண்ணே.